கம்பிக்குக் கண் இல்லை

2023 மார்ச் 7 அதிகாலை, தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே ஒரு விவசாய நிலத்தில் மூன்று பெண் யானைகள் செத்துக் கிடந்தன. பயிரைக் காக்கப் போட்ட கம்பியில் நேரடி மின்சாரம். கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. நிலத்துக்காரர் கைதானார். அடுத்த வாரமே முதுமலையில் யானைக்குட்டி வளர்த்த தம்பதியைப் பற்றிய ஆவணப்படத்துக்கு ஆஸ்கார் விருது. நாடே கொண்டாடியது.

"பன்னிக்கு வெக்கறதுங்க, யானை வரும்னு யாரு கண்டா?" பாலக்கோடு பக்கம் எங்கள் கொல்லையைச் சுற்றி இருப்பவர்கள் அப்போது இதைத்தான் சொன்னார்கள். இதை வெறும் சாக்கு என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை. நோக்கம் வேறு, விளைவு வேறு. சட்டமே அந்த வித்தியாசத்தைப் பார்க்கும். ஆனால் செத்தது பன்றியாக இருந்திருந்தால்? போலீஸ் வந்திருக்காது, கேமராவும் வந்திருக்காது. பன்றியின் சாவு சாவே இல்லை என்ற கணக்கு அந்தப் பேச்சுக்குள் உட்கார்ந்திருக்கிறது. இதே மாதிரிக் கம்பிகளில் மனிதர்களும் செத்திருக்கிறார்கள், சில இடங்களில் கம்பி கட்டியவரே.

முன்பு பரண் மேல் ஆள் இருந்தான். கீழே சலசலப்பு கேட்டால் டார்ச் அடித்துப் பார்ப்பான். பன்றி என்றால் தகரம் தட்டுவான். யானை என்றால் வெடி போடுவான், இல்லை மூச்சுக் காட்டாமல் இருப்பான். பக்கத்து வீட்டுக்காரன் வெளிக்குப் போக வந்திருந்தால் திட்டி அனுப்புவான். வந்தது யார் என்று பார்த்த பிறகுதான் முடிவு. கம்பி கட்டுகிறவன் வருவது யாராக இருந்தாலும் சாகட்டும் என்று சாயங்காலமே முடிவெடுத்துவிட்டுத் தூங்கப் போகிறான். தப்பு அங்கேதான் என்பது என் எண்ணம்.

சோலார் வேலியிலும் ஷாக் உண்டு. அதில் மின்சாரம் நொடிக்கு ஒருமுறை கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகத்தான் பாயும். தொட்டது சுண்டிப்போய் விலக இடைவெளி இருக்கிறது. வீட்டு லைனிலிருந்து கொக்கி போட்ட 230 வோல்ட்டில் அந்த இடைவெளியே கிடையாது, தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் பரணில் யார் உட்காருவது? பையன்கள் ஓசூர் கம்பெனிகளில் ஷிப்டு பார்க்கிறார்கள். வீட்டில் இருப்பது அறுபது வயதுக்காரர்கள். 2022 நவம்பரில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரைக் காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அரசு அறிவித்தது. எனக்கு அதில் சந்தோஷம்தான். யானைக்கு அந்த எல்லை தெரியாது, அவ்வளவுதான். டிவியில் குட்டிகளைப் பார்த்து அழுதவர்கள் யாரும் ஒரு படி ராகிக்குக்கூடக் காசு கொடுத்தவர்கள் இல்லை. அதற்காக நேரடி லைன் போட்டவரை நான் மன்னிக்கவில்லை. காடு வேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் பொதுவாக இருக்க, செலவு மட்டும் காட்டோரத்துக்காரன் தலையில் விழுகிறது என்றுதான் சொல்கிறேன்.

இந்த வருஷம் பக்கத்துக் கொல்லைக்காரர் மறுபடியும் பரண் கட்டியிருக்கிறார். நான் இதையெல்லாம் சொன்னபோது பீடியை அணைத்துவிட்டு, "பேசறது இருக்கட்டும் சார், ஒரு ராத்திரி வந்து ஒக்காருங்க" என்றார். வியாழக்கிழமை என் முறை.