உள்ளே இருப்பது யார்

பதுளை டவுனில் கடைக்காரத் தம்பி ஐந்து துண்டு டின்ட் பேப்பரை எடுத்து வந்து காரின் பக்கக் கண்ணாடியில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக் காட்டினான். 70, 50, 35, 20, 5. கடைசித் துண்டை வைக்கும்போது அவன் குரலில் ஓர் உற்சாகம். "அண்ணே, இதப் போட்டா உள்ள யாரு இருக்காங்கன்னே வெளிய தெரியாது. நெறையப் பேரு இதத்தான் கேட்டு வாராங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை அகலத் துண்டுதான். அது பட்ட இடத்தில் அம்மாவின் கண்ணும் கன்னமும் இல்லாமல் போயின. மூக்குத்தி மட்டும் ஓரத்தில் மினுங்கியது. நான் வாய் திறக்காமல் நின்றேன்.

எங்கள் குடும்பத்தில் இதுதான் முதல் கார். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அதுவரை காத்திருந்து, லீசிங் போட்டு எடுத்த வண்டி. தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்த ஒருவன் வாங்கிய காருக்கு என்ன நிறப் பேப்பர் ஒட்டுவது என்பது பெரிய விடயமா என்று கேட்பார்கள். ஒரு வாரம் எனக்கு அது பெரிய விடயமாகத்தான் இருந்தது.

அந்த எண்களைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். 70 என்றால் நூறு பங்கு வெளிச்சத்தில் எழுபது உள்ளே வரும். 5 என்றால் ஐந்துதான் வரும். கம்பனியிலிருந்து வரும்போதே பின் கண்ணாடி கறுப்பாக இருந்தால் கணக்கைப் பெருக்கிப் பார்க்க வேண்டும். 35 கண்ணாடிமேல் 35 பேப்பர் ஒட்டினால் மிஞ்சுவது ஏறக்குறைய 12. அதோடு, கறுப்பு கூடினால் சூடு குறையும் என்பது பாதி உண்மை. வெயிலின் சக்தியில் பாதியளவு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். வெறும் சாயம் போட்ட மலிவுப் பேப்பர் கண்ணை மறைக்குமே தவிர அந்தக் கதிரைப் பெரிதாக மறிக்காது. சில வருடத்தில் வெளுத்து ஊதா நிறமாகவும் போய்விடும். உலோகம் கலந்தது சூட்டைத் தடுக்கும், ஆனால் போன் சிக்னலையும் இழுத்துப் பிடிக்கும். சிக்னல் தேடி மேட்டில் ஏறி நிற்கும் எங்கள் ஊருக்கு அது சரிவராது. செராமிக் பேப்பர் தெளிவாக இருந்துகொண்டே சூட்டை மறிக்கிறது. விலைதான் கூட. கடைக்காரத் தம்பி சொன்ன தொகை, இன்னும் மலையில் கொழுந்து எடுக்கும் என் சின்னம்மாவின் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டியது.

குளிர் ஊரில் வெயிலுக்குப் பேப்பர் எதற்கு என்று நானும்தான் கேட்டேன். உயரம் ஏற ஏறப் புறஊதாக் கதிர் கூடுகிறது. 1,000 மீற்றருக்குச் சுமார் 10 சதவீதம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் பக்கத்து ஹப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேலே. காற்றுக் குளிர்வதால் தோல் கருகுவது உறைக்காது, அவ்வளவுதான். 2012 இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த படம் பலருக்கு நினைவிருக்கும். 28 வருடம் லொறி ஓட்டிய 69 வயது மனிதர். கண்ணாடிப் பக்கம் இருந்த பாதி முகம் மட்டும் சுருங்கித் தொங்கிப்போயிருக்கும். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அம்மாவுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. இடையில் கண்ணாடி என்று எதுவுமே இருந்ததில்லை.

ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவா மலைகளில் வறண்ட காற்று அடிக்கும். அந்த மாதங்களின் வெயிலிலும் காற்றிலும் வாடி வரும் கொழுந்துக்குத்தான் ஊவாத் தேயிலைக்கென்று பேர்போன மணம். சந்தையில் விலை ஏறுவதும் அதற்குத்தான். கொழுந்தை வாட்டிய அதே வெயில்தான் எடுத்தவரையும் வாட்டியது. தேயிலைக்கு அது மணமாயிற்று. அம்மாவுக்கு முகத்தில் கறுப்புத் திட்டாயிற்று.

நான் சின்னப் பையனாக இருந்தபோது தோட்டத்து ரோட்டில் துரையின் ஜீப் வரும் சத்தம் கேட்டாலே அப்பா தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கானோரமாக ஒதுங்கிவிடுவார். குடை பிடித்திருந்தால் மழையிலும் மடக்குவார். அந்த ஜீப்பின் கண்ணாடி தெளிவாகத்தான் இருந்தது, யாரும் கறுப்பு ஒட்டியிருக்கவில்லை. நாங்கள்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜீப் போன பிறகு, உள்ளே பெரியதுரையா சின்னத்துரையா என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். பத்தடி தூரத்தில் போன மனிதர் யாரென்று ஊகிக்க வேண்டியிருந்தது.

பிறகு போர்க்காலம். வெள்ளை வேன் என்ற இரண்டு சொல் தமிழ் வீடுகளில் எப்படி உச்சரிக்கப்பட்டது என்பதை எழுதிக் காட்ட முடியாது. இலக்கத் தகடில்லாத வண்டி, கறுத்த கண்ணாடி. ஏற்றிச் செல்லப்பட்டவர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிடவில்லை. கொழும்பில் வேலை செய்த பிள்ளைகளைப் பற்றி லயங்களிலும் அந்த நடுக்கம் இருந்தது. இந்தியாவில் 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் காரில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாதென்று தீர்ப்பளித்தபோது, அங்கும் பேசப்பட்டது கறுத்த கண்ணாடிக்குள் நடக்கும் குற்றங்களைப் பற்றித்தான். அங்கே முன் கண்ணாடியில் 70, பக்கக் கண்ணாடியில் 50 பங்கு வெளிச்சமாவது புக வேண்டும் என்பது விதி.

கடையில் அந்த 20 எண் துண்டைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அதற்குத் திசை கிடையாது. உள்ளிருந்து எவ்வளவு வெளியே போகுமோ அவ்வளவுதான் வெளியிலிருந்து உள்ளே வரும். பின் ஏன் உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரிகிறது, வெளியே நிற்பவருக்கு உள்ளே தெரியவில்லை? வெளியே நிற்பவர் வெயிலில் நிற்கிறார், உள்ளே இருப்பவர் நிழலில் இருக்கிறார். காரணம் அவ்வளவுதான். இரவில் உள் விளக்கைப் போட்டால் கதை மாறிவிடும்.

எங்கள் சனம் மலைக்கு வந்ததை 1823 இலிருந்து கணக்கு வைத்து 2023 இல் இருநூறு ஆண்டு என்று நினைவு கூர்ந்தோம். அந்த இருநூறு ஆண்டில் பெரும்பகுதி எங்கள் சனம் வெயிலில் நின்றது. எங்களைக் காணாதவர்கள் யார்? தேயிலைப் பெட்டியில் கூடை சுமந்த பெண் இருக்கிறாள், சுற்றுலா விளம்பரத்தில் சிரிக்கிறாள். 1948 இல் குடியுரிமை பறிபோனபோதும் யாரும் அந்தப் படத்தை நீக்கவில்லை. இன்றும் எல்லவுக்கு ஒன்பது வளைவுப் பாலம் பார்க்கப் போகும் வேன்கள் மலையோரம் நிற்கும், கறுத்த கண்ணாடி நாலு விரற்கடை இறங்கும், ஒரு கெமரா நீளும், கண்ணாடி ஏறிவிடும். படம் எடுக்கப்பட்டவளுக்கு எடுத்தவரின் முகம்கூடத் தெரிந்திருக்காது.

பார்க்கப்படுவது வேறு, பார்த்துக்கொள்வது வேறு. தமிழில் 'பார்த்துக்கொள்' என்ற சொல்லுக்குக் காப்பாற்று, கவனி என்றும் பொருள். 'பிள்ளையப் பாத்துக்க' என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போவார். ஒரு பக்கம் மட்டும் பார்க்கிற இடத்தில் அந்த இரண்டாவது பொருளுக்கு வழியில்லை. இவ்வளவு காலமும் எங்களைப் பார்த்தார்கள். யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. இப்போது நிழலில் உட்காரும் முறை எனக்கு வந்திருக்கிறது.

"தம்பி, நாலு பக்கமும் 70 செராமிக்கே போடுங்க" என்றேன். "அது ஒட்டின மாதிரியே தெரியாதுண்ணே" என்றான். பரவாயில்லை என்றேன். பெரகலையிலிருந்து ஹப்புத்தளைக்கு ஏறும்போது இரவில் பனிமூட்டம் இறங்கினால் வெறுங்கண்ணாடியிலேயே பத்தடி தெரியாது என்பதையும் சொன்னேன். அதை மட்டும் அவன் உடனே ஒப்புக்கொண்டான். சவர்க்காரத் தண்ணீர் தெளித்து, பேப்பரை வைத்து, தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரை வழித்துத் தள்ளினான். ஒரு குமிழிகூட மிஞ்சவில்லை. நல்ல கைக்காரன். "ஒரு கிழமைக்குக் கண்ணாடிய இறக்கிறாதீங்க. நம்ம குளிருக்குக் காயச் சுணங்கும்" என்று எச்சரித்து அனுப்பினான்.

மறுநாள் அம்மாவை முன் சீட்டில் இருத்திக்கொண்டு பசறைப் பக்கம் எங்கள் தோட்டத்துக்குப் போனேன். ரோட்டுக்கு மேலே மலையில் பெண்கள் வரிசை பிடித்துக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். வளைவில் மெதுவாகத் திரும்பும்போதே மேலிருந்து ஒரு குரல்: "அந்தா, நம்ம அக்கா!" சின்னம்மாதான். தலைத்துணியை அவிழ்த்து வீசிக்கொண்டு, இடுப்பில் கட்டிய படங்கோடு சரிவில் இறங்கி வந்தார். அம்மா அவசரமாகக் கண்ணாடி இறக்கும் பட்டனைத் தேடினார். "அம்மா, ஒரு கிழமைக்கு இறக்கக் கூடாது" என்றேன்.

அம்மா ஒரு கணம் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தார். பிறகு கதவைத் திறந்து வெயிலில் இறங்கிவிட்டார்.