சுகர் எவ்ளோடா?

பத்தாம் வகுப்புப் பையன். பள்ளிக்கூடம் விட்டு வந்து இன்னும் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுக்கிறாள்: "சுகர் எவ்ளோடா?"

"130-ம்மா."

பொய். மீட்டர் காட்டியது 280.

இப்படி ஒரு வீடு உங்களுக்கும் தெரிந்திருக்கலாம். பையன் ஏன் பொய் சொன்னான்? உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். "என்னத்தடா தின்னே?" என்று அம்மா ஆரம்பிப்பாள். "எல்லாம் நீ கொடுக்கற செல்லம்" என்று அப்பா அவள் மீது பாய்வார். அப்புறம் சண்டை அவர்கள் இரண்டு பேருக்கும்தான்.

இத்தனைக்கும் அவன் ஒரு லட்டைக்கூடத் தொட்டிருக்க மாட்டான். டைப் 1 சர்க்கரை நோய்க்குத் தினமும் இன்சுலின் ஊசி போட்டே ஆகவேண்டும். பருவ வயதில் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன் அந்த இன்சுலினின் வேகத்தைக் குறைத்துவிடும். தப்பே செய்யாமலும் சர்க்கரை ஏறும்.

1970-களில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் சால்வடார் மினுச்சின் என்ற மனநல மருத்துவர் ஒரு ஆய்வு செய்தார். அடிக்கடி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்த சர்க்கரை நோய்ப் பிள்ளைகள் சிலர். அப்பா அம்மா வாக்குவாதம் செய்வதைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து அவர்கள் பார்த்தார்கள். மன அழுத்தத்தில் கூடுகிற கொழுப்பு அமிலம் அவர்கள் ரத்தத்தில் ஏறியது. பிள்ளையை உள்ளே அழைத்ததும் பெற்றோருக்கு இறங்கியது. பிள்ளைக்கு இறங்கவில்லை! சிறிய ஆய்வுதான், அதன் முடிவுகளைப் பின்னால் கேள்வி கேட்டவர்களும் உண்டு. ஆனாலும் நம் வீட்டை நினைத்துப் பார்க்க வைக்கிறது, இல்லையா?

அப்படியானால் கேட்காமலே விட்டுவிடலாமா? "உன் உடம்பு, உன் பாடு" என்று கைகழுவுவதும் தப்புதான். சீக்கிரமே மொத்தப் பொறுப்பும் தலையில் விழுந்த பிள்ளைகளும் தடுமாறுகிறார்கள். அந்த வயதுக்குத் துணை வேண்டும், போலீஸ் வேண்டாம்.

உண்மை சொன்னால் திட்டு, பொய் சொன்னால் நிம்மதி. இதுதான் வீட்டு வழக்கம் என்றால், அந்தப் பொய்யில் நமக்குப் பங்கில்லையா? 130 என்று நம்பி நாம் சும்மா இருந்துவிட்டால், அதற்கு விலை கொடுப்பது அவன் உடம்பு. சிறுநீரகமும் கண்ணும் நம் பாசத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது.

மீட்டரில் வருவது பரீட்சை மார்க் அல்ல. அடுத்த ஊசியில் எத்தனை யூனிட் என்று சொல்கிற ஒரு எண். அவ்வளவுதான்.

நாளைக்குச் சாயங்காலம் இப்படி ஆரம்பித்துப் பாருங்கள்: "வாடா, மூஞ்சி கழுவிட்டு வா." அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து மீட்டரைப் பாருங்கள்.

"280-ஆ? சரி, டாக்டர் எழுதிக் கொடுத்ததை எடு. எவ்ளோ போடணும்னு ரெண்டு பேரும் பார்ப்போம்."