காணாமையும் இல்லாமையும்

ஒரு பொருள் காணப்படாமையால் அது இல்லை என்று துணியலாமா என்னும் வினாவுக்கு, காணாமையையே தனி அளவையாக, அதாவது அறிவு பெறும் வழியாக, ஏற்ற குமாரில பட்டரின் மீமாம்சை மரபு, அப்பொருள் இருந்திருந்தால் கண்டிருக்கத்தக்க சூழல் அமைந்த இடத்தில் மட்டுமே காணாமை இன்மையை உணர்த்தும் என்று விடை கூறியது. இதனை யோக்கிய அனுபலப்தி என்பர்.

ஒரு நிறுவனத்தின் பயனர் விவரங்களைப் பண்புகளாகப் பகுத்துச் சேமிக்கும் ஓப்பன்எல்டாப் போன்ற அடைவு வழங்கியிலும் இவ்வினாவே எழுகிறது. பெயர், மின்னஞ்சல் முதலிய பண்புகளின் மதிப்புகளை அவை இடம்பெறும் பதிவுகளோடு இணைத்துக் காட்டும் சுட்டு, தேடலை விரைவாக்குமேயன்றி உண்மையை மாற்றாது. எனினும் சுட்டு அமைப்பை மாற்றியபின் பழைய பதிவுகளுக்கும் அதனை மீளக் கட்டாவிடில், உள்ள பதிவும் தேடலில் அகப்படாது போகலாம். யார் எதைக் காணலாம் என வரையறுக்கும் அணுகல் விதியோ இன்னும் நுட்பமானது: கடவுச்சொல்லைக் கொண்டு அடையாளத்தை உறுதிசெய்ய இசைந்தும் அதனைப் படிக்கவிட மறுக்கும் நிலையும், ஒரு பதிவு இருப்பதையே வெளிப்படுத்தாத நிலையும் அதில் உண்டு.

ஆகவே, தேடுபவருக்குக் காணும் உரிமையும் வழங்கியில் பழுதற்ற சுட்டும் அமைந்தபோதே ‘இல்லை’ என்னும் விடை இன்மைக்குச் சான்றாகும். ஏனைய இடங்களில் அது தேடுபவரின் எல்லையை மட்டுமே உணர்த்தும்.