யாருடைய அகலம்

தருமபுரி மாதிரி ஓர் ஊருக்குச் சரிவு வைத்த, அகலமான நடைபாதை அவசியமா என்ற கேள்வி, கேட்கப்படும் தோரணையிலேயே தன் பதிலையும் சுமந்துகொண்டு வருகிறது. கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. நகராட்சியின் வருமானம் தெரிந்தவர்கள். ஒரு குடிநீர்க் குழாய் உடைந்தால் அதைச் சரிசெய்ய எத்தனை நாளாகும் என்று அனுபவத்தில் அறிந்தவர்கள். கடைத்தெருவில் சக்கர நாற்காலியில் வருகிறவர் எத்தனை பேர், கோல் தட்டி வருகிற பார்வையற்றவர் எத்தனை பேர், விரல்விட்டு எண்ணிவிடலாம், அவர்களுக்காகத் தெரு முழுவதையும் இடித்துக் கட்டுவதா என்பது அவர்கள் வாதம்.

இந்த எண்ணிக்கைதான் எனக்குப் பிரச்னையாக இருக்கிறது. தெருவில் நின்று எண்ணினால், தெருவுக்கு வர முடிந்தவர்களைத்தான் எண்ண முடியும். வர முடியாதவர் வீட்டுத் திண்ணையில் இருக்கிறார். இதற்கு இந்த மாவட்டத்திலேயே ஒரு பழைய சாட்சியம் உண்டு. பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்து, 1925 ஜூலையில் அங்கேயே இறந்துபோன சுப்பிரமணிய சிவாவுக்குச் சிறையில் தொழுநோய் கண்டது. நோயைக் காரணம் காட்டி அவர் ரயிலில் ஏறக்கூடாதென்று தடுத்தார்கள். மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அந்த வருஷங்களில் ஓர் அதிகாரி ரயில் பயணிகளை எண்ணியிருந்தால், தொழுநோயாளிகளுக்கு ரயில் தேவைப்படவில்லை என்ற முடிவுக்கு மனச்சாட்சி உறுத்தாமல் வந்திருக்கலாம். சிவாவைத் தியாகியாக நினைவு வைத்திருக்கிறோம், மணிமண்டபமும் இருக்கிறது. நோயுற்ற பாதங்களோடு இந்த மண்ணில் நடந்த ஓர் உடம்பாக அவரை நினைத்துப் பார்க்கிற வழக்கம் நம்மிடம் இல்லை.

தெலங்கானாவின் நல்கொண்டாவைப் போல, தருமபுரியிலும் இந்தக் கேள்விக்கு ஒரு விசேஷமான கூர்மை உண்டு. காரணம் தண்ணீர். இது கருங்கல் பூமி. பாறையின் சில கனிமங்களில் ஃப்ளோரைடு இருக்கிறது. மழை பொய்த்து, திறந்த கிணறுகள் வற்றி, ஆழ்துளைக் கிணறுகள் கீழே கீழே இறங்க, பாறையோடு நெடுங்காலம் கிடந்து அதைக் கரைத்துக்கொண்ட தண்ணீர் மேலே வந்தது. குடிநீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு கூடாது என்பது வரம்பு. இந்த மாவட்டத்தின் பல கிராமங்களில் தண்ணீர் அதைத் தாண்டியது. முதலில் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை. வருஷக்கணக்கில் குடித்தவர்களுக்கு எலும்பு கெட்டிப்பட்டு, மூட்டுகளைக் கட்டியிருக்கும் நாண்கள் சுண்ணாம்பாக இறுகி, கழுத்து திரும்பாமல், முதுகு வளைந்து, முழங்கால் மடங்காமல் போகிறது. போனது திரும்புவதில்லை.

இதைத் தடுக்கத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல் தண்ணீர் விட்டார்கள். ஜப்பானியக் கடனோடு சுமார் 1,928 கோடி ரூபாய். அதை யாரும் ஆடம்பரம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அபத்தமாக இருந்திருக்கும். காவிரித் தண்ணீர் இனிப் பிறக்கிற குழந்தையின் எலும்பைக் காப்பாற்றும். ஏற்கனவே வளைந்த முதுகை நிமிர்த்தாது. அந்த முதுகுக்காரர் பென்னாகரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, எதிரே அரையடி உயரத்தில் நிற்கிற சிமெண்ட் பலகையைப் பார்க்கிறார். திட்டம் அவரை நோயாளி என்ற கணக்கில் சேர்த்துக்கொண்டது. நடக்கிறவர் என்ற கணக்கில் அவர் எங்கேயும் இல்லை.

இங்கே வசதியான ஒரு வாதம் கைக்குக் கிடைக்கிறது. பல ஊர்களில் அந்தக் கைப்பம்பை நட்டதே பொதுப்பணம்தான்; ஆகவே இது தர்மம் இல்லை, கடன் என்று சொல்லிவிடலாம். எனக்கு அதில் கவர்ச்சி உண்டு. ஆனாலும் முழுசாக ஏற்க முடியவில்லை. கடன் என்றால் பத்திரம் காட்ட வேண்டும். போலியோவில் கால் சூம்பியவர், பிறவியிலேயே பார்வையில்லாதவர், வெறுமனே கிழவியானவள் எல்லோரும் தத்தம் ஊனத்துக்கு ஒரு பொறுப்பாளியைத் தேடிப் பிடித்துவந்த பிறகுதான் தெருவில் இறங்க வேண்டுமா? அமர்த்தியா சென் 1979-ல் ஸ்டான்ஃபோர்டில் ‘எதில் சமத்துவம்?’ என்று கேட்டபோது முன்வைத்தது வேறொரு அளவுகோல். கையிலுள்ள பொருளையோ மனசிலுள்ள திருப்தியையோ அளந்தால் ஊனமுற்றவரின் நிலைமை அளவைக்கு வெளியே தப்பிவிடுகிறது. அவரால் என்ன செய்ய முடிகிறது, எங்கே போய்வர முடிகிறது என்பதை அளக்க வேண்டும். திருப்தி என்ற அளவுகோல் குறிப்பாக மோசமானது. பத்து வருஷம் திண்ணையிலேயே கழித்தவர் ‘எனக்கென்ன குறை, வெளியே எதுக்கு’ என்பார். அந்தப் பதிலை நகராட்சி வரவில் வைத்துக்கொள்ளும்.

சரி, செலவு. நம் ஊர்களில் நடைபாதை என்று தனியாக ஒன்றைக் கட்டுவது அபூர்வம். சாக்கடையின் மூடிக்குத்தான் அந்தப் பெயர். அதன் உயரத்தைச் சாக்கடை தீர்மானிக்கிறது, கால் தீர்மானிப்பதில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு கடைக்காரரும் தன் வாசலுக்குத் தகுந்தபடி ஒரு மேடு எழுப்ப, நடக்கிறவர் ஏறி இறங்கிச் சலித்து, கடைசியில் தார் ரோட்டுக்கே வந்துவிடுகிறார். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-ல் வகுத்தபடி நடைபாதையின் தடையற்ற அகலம் 1.8 மீட்டருக்குக் குறையக்கூடாது. உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவு விகிதத்தில் அரையடி உயரத்துக்கு ஆறடிச் சரிவு போதும். சிமெண்ட்டும் ஜல்லியும் பெரிய விஷயமில்லை. விலை அகலத்தில் இருக்கிறது. இரண்டு பக்கமும் சேர்த்து 3.6 மீட்டர், 12 மீட்டர்த் தெருவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அதை யார் விட்டுக்கொடுப்பது?

முதலில் கூடைக்காரியைத்தான் கிளப்புவார்கள். 1985-ல் பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிழைப்பும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்றது. அதே தீர்ப்பில் நடைபாதை நடப்பவர்களுக்கே என்றும் சொல்லி, முன்னறிவிப்போடு அப்புறப்படுத்த அனுமதித்தது. 2014-ல் தெரு வியாபாரிகளுக்கென்று தனிச் சட்டமே வந்தது. இருந்தும், முழங்கால் மடங்காதவரையும் பூக்கூடையையும் எதிரெதிரே நிறுத்தி வேடிக்கை பார்ப்பது தொடர்கிறது. இருவருக்கும் நடுவில் சாய்ந்து நிற்கிற 40 பைக்குகளைப் பற்றிப் பேச்சே இல்லை. அவற்றுக்கு விட்டிருக்கிற இடம் எத்தனை சதுர அடி, அதன் வாடகை என்ன என்று யாரும் செலவுக் கணக்கு கேட்டதில்லை. பைக்குகளை அகற்றிய பிறகும் குறுகலான சந்துகளில் கூடை ஒரு முழம் நகர வேண்டியிருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேச்சு அங்கே தொடங்கக்கூடாது. சென்னையில் வாகனங்கள் ஏறாமலிருக்க நடைபாதையில் குட்டைத் தூண்களை நெருக்கி நட்டார்கள். அவை சக்கர நாற்காலியையும் சேர்த்தே நிறுத்தின.

எழுதுகிற நமக்கும் இதில் பங்கு உண்டு. போதலேரின் நகரத்தில் உலாவுகிறவனுக்குக் கீழே ஹௌஸ்மான் காலத்துப் பாரிஸ் அகலமான நடைபாதைகளைப் போட்டுக்கொண்டிருந்தது. நம் புதுக்கவிதையில் தன்னந்தனியே நடக்கிறவனுக்கு அந்தியமாதல் உண்டு, சூன்யம் உண்டு, முழங்கால் மட்டும் இருந்ததில்லை. நொண்டியும் குருடும் நமக்குப் படிமங்களாக வந்து போனார்கள். 2010-ல் அரசு அவர்களை மாற்றுத்திறனாளிகள் என்று அழைக்கத் தொடங்கியது. நல்ல காரியம்தான். அச்சுக் காகிதத்தைத் தவிர அதற்குச் செலவில்லை.

‘வசதிப்பட்டால்’ என்கிற வார்த்தை நம் சட்டத்திலேயே இருந்தது. 1995-ன் ஊனமுற்றோர் சட்டம், தெருக்களில் செய்ய வேண்டியதை அரசின் பொருளாதார சக்திக்கு உட்பட்டு என்ற நிபந்தனையோடுதான் சொன்னது. 2016-ன் சட்டத்தில், சாலைகளைப் பற்றிய வரியில் அந்த நிபந்தனை இல்லை. வெறும் வழிகாட்டுதல் போதாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 மே மாதத்தில் நடைபாதையை உயிர்வாழும் உரிமையோடு சேர்த்தது. ஆகவே ‘அவசியமா’ என்பது இனி நகராட்சி மன்றம் தீர்மானம் போட்டு முடிவு செய்கிற விஷயமாக இல்லை. எங்கே தொடங்குவது என்று வேண்டுமானால் விவாதிக்கலாம். என்னைக் கேட்டால் பஸ் நிலையத்திலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிற வழி, முதலில் ஒரு பக்கம் மட்டும்.