பேனுக்கு ஒரு கோயில்

பேனைக் கொல்வது பாவமா என்று கேட்டால் எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் சிரிக்க மாட்டார்கள். வந்தவாசியைச் சுற்றியுள்ள தமிழ்ச் சமணர்களான நயினார் வீடுகளில் தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார்கள். பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது. எங்கள் ஆயா என் தலையில் எடுத்த பேனை நகத்தில் வைத்துக் குத்தியதே இல்லை. ஈர்கோலியில் வந்ததைப் பழந்துணியில் தட்டி, கொல்லை வேலியோரம் உதறிவிட்டு வருவார். தலையை விட்டு இறங்கிய பேன் ஓரிரு நாளில் பட்டினியால் செத்துப்போகும் என்பது நர்ஸ் படிப்பில்தான் எனக்குத் தெரிந்தது. ஆயாவிடம் அதைச் சொல்லவில்லை.

12-ஆம் நூற்றாண்டில் குஜராத்தை ஆண்ட குமாரபாலர், சமண ஆசாரியர் ஹேமசந்திரரின் சொல் கேட்டு நாட்டில் உயிர்க்கொலையைத் தடுத்தவர். அவர் காலத்தில் ஒரு வணிகர் பேன் ஒன்றை நசுக்கிவிட்டாராம். அந்த வணிகரின் சொத்தையெல்லாம் பறிமுதல் செய்து, அந்தப் பணத்தில் 'யூகா விகாரம்', அதாவது பேன் கோயில், எழுப்பினார்கள் என்கிறது மேருதுங்கரின் 'பிரபந்த சிந்தாமணி'. நாம் பழமொழியில் பேனைப் பெருமாளாக்குவதோடு நிறுத்திக்கொண்டோம். எனக்கு அந்தத் தண்டனை ஒப்பவில்லை. வணிகரை நம்பியிருந்தவர்கள் என்ன சாப்பிட்டிருப்பார்கள்?

சமணம் இல்லறத்தாரிடம் அவ்வளவு கேட்பதுமில்லை. வீட்டுவேலையில், பிழைப்பில், தற்காப்பில் நேரும் இம்சை மூன்று. மனம் வைத்துச் செய்யும் சங்கல்ப இம்சை நான்காவது. அறவே விட வேண்டியது அந்த நான்காவதைத்தான். மற்றவற்றை முடிந்த மட்டும் குறைக்க வேண்டும். திகம்பர முனிவர்கள் தலைமுடியைக் கையாலேயே பறித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்: முடி வளர்ந்தால் பேன் வரும், சொறிகிற கை அதைக் கொல்லும். குடும்பஸ்தர்களுக்கு அந்த வழி இல்லை. குறைக்க வேண்டுமானால் எதிரே இருப்பது எந்த உயிர் என்றாவது தெரிய வேண்டும்.

அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் எனக்கு அதுதான் வேலை. தலைப்பேன் ஈரை மயிரடியில் ஒட்டிவைக்கும். ஈரத்தலையில் நாள் தவறாமல் பொறுமையாகச் சீவினாலே பல பேருக்குப் போய்விடும். சீலைப்பேன் உருவத்தில் அதே மாதிரிதான், ஆனால் அது குடியிருப்பது துணித் தையலில். உடம்புக்கு வருவது ரத்தம் குடிக்க மட்டும். ஆளுக்கு மருந்து பூசுவதைவிடத் துணியை வெந்நீரில் போடுவது முக்கியம். கொள்ளைநோயாக வரும் டைஃபஸ் காய்ச்சலைப் பரப்புவது இதுவே என்று 1909-இல் துனிஸில் சார்ல் நிக்கோல் கண்டார். நண்டு போல அகன்ற இன்னொரு பேன் அந்தரங்க மயிரில் இருக்கும். முகத்து மயிர்க்கால்களுக்குள் வாழும் டெமோடெக்ஸ் சிற்றுண்ணி பெரியவர்களில் அநேகம் பேருக்கு உண்டு. தொல்லை தராதவரை அதை அதன் பாட்டுக்கு விட்டுவிடலாம். எது என்று பாராமல் மண்ணெண்ணெய் தேய்த்து, வெந்துபோன தோலோடு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

சிரங்கில்தான் எனக்குச் சமாதானம் கிடைக்கவில்லை. விரலிடுக்கில் சாம்பல் நிறத்தில் நெளிந்து போகும் ஒரு மெல்லிய கோடு. அதன் முனையில் ஒரு புள்ளி. ஊசியால் நெம்பி எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு எண்ணெயில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், எட்டுக் குட்டைக் கால்களோடு உருண்டையாகச் சிற்றுண்ணி ஒன்று அசையும். அதற்குக் கண் இல்லை. (பேனுக்குத் தலையின் இருபுறமும் உண்டு. சமண நூல்கள் பேனை மூவறிவு உயிரில் சேர்க்கின்றன. நுண்ணோக்கி இருந்திருந்தால் கண்ணைக் கண்டு நாலறிவுக்கு ஏற்றியிருப்பார்கள்.)

சிரங்குச் சிற்றுண்ணியைச் சீவவும் முடியாது, உதறவும் முடியாது. கழுத்திலிருந்து பாதம் வரை பெர்மெத்ரின் களிம்பு பூசி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் குளிக்க வேண்டும். அரிப்பு இல்லாதவர்களும் சேர்த்து வீட்டில் எல்லாரும் ஒரே நாளில். தூங்காமல் சொறிந்து சீழ் வைத்த பிள்ளையின் கையைப் பார்த்தவர்கள் இதைத் தற்காப்பு என்று ஒப்புக்கொள்வார்கள். ஒரு வாரம் கழித்துப் பூசும் இரண்டாம் பூச்சு அப்படியா? முதல் மருந்துக்குத் தப்பிய முட்டைகளிலிருந்து பொரித்து வருபவற்றுக்காக அது. இன்னும் பிறக்காத உயிருக்கு முன்கூட்டியே நாள் குறிப்பதைத் தற்காப்புக் கணக்கில் என்னால் எழுத முடியவில்லை. அது சங்கல்பம்தான். சீட்டில் அந்தத் தேதியை நானே எழுதி, மறந்துவிடாதீர்கள் என்று சொல்லியும் அனுப்பினேன். இப்போது கேட்டாலும் எழுதித் தருவேன்.