இரத்தமா, உழைப்பா?

ஆனித் திருவிழா தொடங்கிவிட்டால் குறிகட்டுவான் இறங்குதுறையில் நிற்க இடமிராது. படகேறி நயினாதீவு சேர்ந்தால், நாகபூசணி அம்மன் கோயில் வீதியில் இரவு வெகுநேரம் வரை மேளம் கேட்கலாம். நாதஸ்வரம் ஓர் இராகத்தை ஆறுதலாக விரிக்கிறது. பின்னர் தவில்கள் ஒன்றையொன்று மடக்கி முழங்குகின்றன. கூட்டம் மெய்ம்மறந்து நிற்கிறது. அவ்வேளை அருகில் நிற்கும் ஒருவர் தலையை அசைத்தபடி கூறுகிறார்: "அது அவையின்ரை இரத்தத்திலை ஊறினது."

நம்மிற் பலர் இவ்வாசகத்தைக் கேட்டிருக்கிறோம், சொல்லியும் இருக்கிறோம். இது பாராட்டுத்தானா என்பதே கேள்வி.

தவிலின் வலப்பக்கத்தைக் கூடணிந்த விரல்களும், இடப்பக்கத்தைக் கழியும் ஆளுகின்றன. இரு கைகளுக்கும் இருவேறு வேலை. சொற்கட்டை வாயாற் சொல்லி, அதனைத் தாளத்தில் நிறுத்தி, கைக்குக் கொண்டுவந்து, மெல்லிய காலத்திலிருந்து படிப்படியாக விரைவு காலத்துக்கு உயர்த்த ஆண்டுகள் பல செல்கின்றன. திருவிழாக்காரர் கொடுக்கும் சன்மானமோ ஓர் இரவுக்குரியது. அந்த இரவின் பின்னே நிற்கும் ஆயிரம் விடியற்காலைகளுக்குக் கூலி கொடுத்தவர் எவருமில்லை. அவ்வுழைப்பை 'இரத்தம்' என்ற ஒரு சொல்லால் துடைத்துவிடுகிறோம். இது முதல் அநீதி. இசையிற் கரைந்துபோன அதே சமூகம் இசைத்தவரைச் சமமாக இருத்தத் தயங்கியதையும் நாம் மறத்தலாகாது. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) போன்ற ஒரு மேதையே மேடையில் அமர்ந்து வாசிக்கும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது.

"இணுவிலில் 1933-இல் பிறந்து தமிழகத்தையும் வியக்கவைத்த தவில் மேதை தட்சணாமூர்த்தியின் தந்தையாரும் தவிற் கலைஞர்தாமே?" என்று கேட்கலாம். மெய்தான். ஆனால் அத்தகைய வீடு ஒரு பிள்ளைக்கு வழங்குவது இரத்தத்தை மட்டுமா? தொட்டிலிலேயே காதில் விழும் நாதத்தை, பிழையை அக்கணமே சுட்டும் காதுகளை, பயில்வதற்கென ஒதுக்கப்பட்ட பொழுதை அது வழங்குகிறது. இவை பிறப்பின் வரங்களல்ல, சூழலின் கொடைகள். வேறு பிள்ளைகளுக்கும் இவற்றை வழங்க முடியும்.

பயிற்சி எனும்போது அதன் தன்மையையும் நோக்க வேண்டும். திரும்பத் திரும்ப வாசிப்பதெல்லாம் பயிற்சியாகாது. பிழையோடு நூறுமுறை வாசிப்பவன் பிழையையே பயில்கிறான். தவறும் இடத்தைத் தனியே பிரித்தெடுத்து, காலத்தைக் குறைத்து, காதால் சோதித்து, திருத்திய பின்னரே விரைவைக் கூட்டுதல் வேண்டும். உளவியலாளர் எரிக்சனும் அவர் குழுவினரும் பெர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணாக்கரை ஆராய்ந்து 1993-இல் கண்டதும் இதற்கு இயைந்ததே. சிறந்தோர் நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் தனித்துப் பயின்றனர். அதுவும் ஒரே மூச்சில் அன்று, இடையிடையே ஓய்ந்து.

பயிற்சியே எல்லாம் என்று சொல்வதும் மிகையாகும். பல ஆய்வுகளை ஒருங்கு தொகுத்து 2014-இல் வெளியான ஒரு கணிப்பின்படி, இசைத்திறனில் ஆளுக்காள் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 21 சதவீதத்தையே பயிற்சியின் அளவு விளக்குகிறது. எஞ்சியதில் இயல்பான ஆற்றலுக்கும் பங்கிருக்கலாம். ஆனால் அவ்வாற்றல் குலம் பார்த்துப் பிறக்கிறது என்பதற்கு எச்சான்றும் இல்லை. ஒரு தாயின் இரு பிள்ளைகளே வேறுபடுகின்றனர். ஒரு சாதி முழுவதும் எவ்வாறு ஒன்றுபோற் பிறக்கும்?

இரண்டாவது அநீதி இங்கேதான் பிறக்கிறது. நெடுந்தீவில் ஒரு கடற்றொழிலாளியின் மகள் இசை கற்க விரும்புகிறாள் என்று கொள்வோம். கருவி வாங்கக் காசில்லை. ஆசிரியர் கிழமைக்கு ஒருநாள் கடல் கடந்து வரவேண்டும்; காற்று மாறினால் அதுவுமில்லை. பாடசாலை விட்டதும் தண்ணீர் அள்ளவும் தம்பியைப் பார்க்கவும் வேண்டும். அவள் பின்தங்கும்போது, "அது எங்கடை ஆக்களுக்கு வராது" என்று ஊர் தீர்ப்பளிக்கிறது. ஒருவரை இரத்தத்தின் பேரால் புகழ்ந்த அதே நா, மற்றவரை இரத்தத்தின் பேரால் விலக்குகிறது. புகழ்ச்சியும் விலக்கும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்களே.

ஆசிரியர்களாகிய நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பாடசாலையில் ஓர் அறை, பொதுவில் ஒரு கருவி, மாலையில் ஒரு மணி நேரம் ஆகியவற்றை அப்பிள்ளைக்கு உறுதிசெய்வோம். ஆசிரியர் வராத ஆறு நாளும் அவள் தன் வாசிப்பைக் கைப்பேசியிற் பதிந்து, தானே கேட்டுப் பிழை பிடிக்கப் பழக்குவோம். தன் பிழையைத் தானே கேட்கக் கற்றவள் ஆசிரியரின் காதைப் பெற்றுவிட்டாள். சோதனைக்குரிய உருப்படிகளை மனனஞ் செய்விப்பதிலும் இது மேலானது.

அடுத்த ஆனியில் நயினாதீவு வீதியில் தவில் முழங்கும். அப்போதும் அருகில் நிற்பவர் இரத்தத்தைப் பற்றிப் பேசக்கூடும். அவரிடம் நாம் அமைதியாகச் சொல்வோம்: "இல்லை அண்ணை, அது உழைப்பு."