கட்டைவிரல் கேட்காத ஆசான்

மலைச்சரிவின் விளிம்பிலே நிற்கிறான் மாணவன். எதிரே பள்ளத்தாக்கு, பின்னே, புல்வெளியில் விரிந்து கிடக்கும் துணி இறகு. தோளருகே வாக்கி-டாக்கியிலிருந்து ஒரு குரல்: "ஓடு! நிற்காதே, ஓடு!" ஓடுகிறான். நிலம் நழுவுகிறது. கால்கள் காற்றை மிதிக்கின்றன. ஆம், பறக்கிறான்!

இமாசலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்திலே பீர் என்றோர் ஊர். அதற்கு மேலே, ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் பில்லிங் எனும் மேடு. 2015-ஆம் ஆண்டு பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி நடந்த இடம். அங்கே பறக்கக் கற்பிக்கும் பள்ளிகள் உள்ளன. விளையாட்டுத்தானே என்று நாம் ஒதுக்கிவிட முடியவில்லை. அறநெறி பற்றிய பெரியதோர் கேள்வி அச்சரிவிலே நிற்கிறது.

"எதையும் ஏன், எதற்கு எனக் கேள் என்று ஓயாது உரைக்கும் பகுத்தறிவாளரே! குரல் கேட்டதும் மலையினின்றும் பாய்கிறானே அம்மாணவன், அது குருட்டு நம்பிக்கை அன்றோ? குருபக்தி அன்றோ?" என்று கேட்பர் நண்பர் சிலர். கேட்கட்டும், கேள்வி நல்லது.

மாணவனை முதல் நாளே உச்சிக்கு அனுப்புவதில்லை. சமதரையிலே தொடங்குகிறது பாடம். இறகை எழுப்புகிறான், சாய்கிறது, மீண்டும் எழுப்புகிறான். முன்விளிம்பில் வாய் திறந்த அறைகளிலே காற்று புகுந்து நிரம்ப, துவண்ட துணி விறைத்த இறகாவதைக் கண்ணாற் காண்கிறான். வலக்கைக் கயிற்றை இழுத்தால் வலப்புறம் திரும்பும். இரண்டையும் அளவு மீறி இழுத்தால் இறகு தாங்கும் திறனை இழக்கும். இவற்றைக் கற்றபின் சிறு சரிவு. அதன் பின்னரே பெருமலை. அவன் நம்புவது, பலமுறை சோதித்துப் பார்த்த சொல்லை. நம்பிக்கைதான், எனினும் கண் திறந்த நம்பிக்கை!

வானத்திலே "இடப்புறம் திரும்பு" என்ற குரல் கேட்டால், "ஏன்?" என்று வாதாட நேரமில்லை; திரும்பத்தான் வேண்டும். ஆனால் தரையிறங்கியதும் "ஏன்?" என்று கேட்கலாம், கேட்க வேண்டும். விடை கூற ஆசான் கடமைப்பட்டவர். கட்டளைக்குப் பின்னே காரணம் இருக்கிறது. அக்காரணம் மாணவனுக்கும் உரியது.

இன்னொன்றும் கற்பிக்கிறார் ஆசான்: மறுக்கும் துணிவு! காற்று முதுகுப்புறமிருந்து வீசினால் ஓடாதே. நண்பகல் வெயிலிலே சரிவு சூடேறி, காற்று கொந்தளித்து மேலெழும்போது, புதியவனே, பொறுத்திரு. தொடைப்பட்டை பூட்டியிருக்கிறதா என்று நீயே தொட்டுப் பார். "ஆயுள் கெட்டி" என்று சோதிடன் சொன்னதற்காகப் பட்டை தானே பூட்டிக்கொள்ளுமா?

செருமனி நாட்டு ஓட்டோ லிலியெந்தால், பறவை பறக்கும் முறையை ஆராய்ந்து, 1889-இல் நூலாக்கி உலகுக்கு அளித்தார். 1896-இல், பறக்கும்போது விழுந்து மாண்டார். ரைட் சகோதரர் அவர் கணக்குகளைப் படித்தனர். ஐயம் எழுந்தது. 1901-இல் காற்றுச் சுரங்கம் அமைத்துத் தாமே அளந்தனர். ஆசானை இழிவுபடுத்தினரா? இல்லை, அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தனர். ஐயுறுதல் அவமதிப்பு அன்று. அறிவுக்குச் செய்யும் மரியாதை.

புட்பக விமானத்தின் பெருமை பேசுகிறது புராணம். அதைச் செலுத்தக் கற்பித்த பள்ளி எங்கே? கற்பிக்க முடியாதது கதை. கற்பிக்கக் கூடியதே கலை.

அதே பழங்கதைகளிலே ஏகலைவனைக் காண்கிறோம். வேடர் குலத்தவன் என்று கற்பிக்க மறுத்தார் துரோணர். மண்ணுருவை முன்னிறுத்தித் தானே கற்றான் அவன். கல்லாமல் கொடுத்ததற்குக் காணிக்கையாக அவன் வலக்கைக் கட்டைவிரலைக் கேட்டார்! அதைத்தான் குருபக்தி என்று போற்றச் சொன்னார்கள் நமக்கு.

பீர் மலையிலோ, ஆசானின் குரல் நாளுக்கு நாள் குறைகிறது. ஒரு நாள் அது ஒலிப்பதே இல்லை. மாணவன் தானே காற்றை எடைபோட்டு, தானே முடிவெடுத்து, தானே இறங்குகிறான். ஆசானின் வெற்றி அந்த மௌனம்!

பள்ளியிலோ மன்றத்திலோ நம்மை வழிநடத்த வருவோரை இந்த அளவுகோலால் அளப்போம். கட்டைவிரலைக் கேட்பவர் ஆசான் அல்லர். கயிற்றைக் கையிலே கொடுத்து, "இனி நீ" என்பவரே ஆசான்!